அசட்டீக் மணலில்

செப்டம்பர் 8, 2024, ஞாயிறு

இரவு பத்தரை. மகள் வீட்டுக் கூடம் முழுக்கப் பைகள். கூடாரம், பாய், ஐஸ் பெட்டி, பேத்தியின் மண்வெட்டி, வாளி. நாளை விடிந்ததும் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள அசட்டீக் தீவுக்குக் கிளம்புகிறோம், மூன்று இரவு தங்கல். மாப்பிள்ளைதான் ஆறு மாதம் முன்பே இடம் பதிந்து வைத்திருக்கிறார். "அத்தை, நீங்க முப்பது வருஷம் புவியியல் பாடம் எடுத்தவங்க. தடுப்புத் தீவைப் படத்துலதானே காட்டியிருப்பீங்க, நேர்ல பாருங்க" என்றார். உண்மைதான். கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன். கடல், நீளமாக ஒரு மணல் கீற்று, அதற்குப் பின்னால் அமைதியான கழி, அப்புறம்தான் பெருநிலம்.

சாப்பிடும் நேரத்தில் ஊரிலிருந்து தம்பி பேசினான். கடலோரத்தில் மனை போட்டிருக்கிறார்களாம். மணல்மேட்டைச் சமப்படுத்தி, தார் ரோடு போட்டு, கல்லும் நட்டாகிவிட்டது. "எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணுக்கா. கடலைப் பாத்த மாதிரி வீடு. வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கேக்குறாங்க." ஓய்வூதியப் பணம் வங்கியில் சும்மாதான் கிடக்கிறது. ஆசையாகத்தான் இருக்கிறது. வியாழக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 9, திங்கள்

செசபீக் விரிகுடாப் பாலம் மட்டுமே ஏழு கிலோமீட்டர் நீளம். அதைத் தாண்டினால் தட்டையான பூமி. சோளக்கொல்லை, சோயா, நீள நீளமான கோழிப் பண்ணைக் கொட்டகைகள். நம் டெல்டாவைப் போலவே மேடு பள்ளம் இல்லாத நிலம், பச்சைதான் வேறு.

தீவுக்குள் நுழையும் பாலத்துக்கு முன்பே தகவல் மையம் இருக்கிறது. சுவரில் பெரிய வரைபடம். தீவின் நீளம் 37 மைல், கிட்டத்தட்ட அறுபது கிலோமீட்டர். வடக்கே பெரும்பகுதி மேரிலாந்து, தெற்கே மீதி வர்ஜீனியா. நாங்கள் தங்குவது மாநிலப் பூங்காவில். அதற்குச் சொந்தம் இரண்டு மைல் கடற்கரைதான். அதற்கு வடக்கும் தெற்கும் தேசியக் கடற்கரைப் பூங்கா. பேத்தி தொட்டியிலிருந்த குதிரைலாட நண்டின் முதுகைத் தொட்டுவிட்டு, அரை மணி நேரம் அந்த விரலை யாருக்கும் கொடுக்கவில்லை.

பாலம் ஏறும்போதே இரு பக்கமும் கழி தெரிந்தது. கண்ணெட்டும் தூரம் வரை சதுப்புப் புல், நடுவே ஒற்றைக் காலில் நின்ற நாரை. கண்ணாடியை இறக்கியதும் அந்த வாசனை வந்தது. சேறும் உப்பும் அழுகிய தழையும் கலந்த வாசனை. அப்பா உப்பளத்தில் கங்காணியாக இருந்தவர், மாலையில் அவர் சட்டையில் இதே வாசனை இருக்கும். உலகத்தின் மறுகோடியில் வந்து அதை முகர்வேன் என்று நினைத்ததில்லை.

கூடாரம் போடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. மாப்பிள்ளை கொண்டுவந்த இரும்பு முளைகள் மண்ணுக்கானவை. இங்கே அடிக்க அடிக்க மணல் விலகிக்கொடுக்கிறது, காற்று ஒரு இழுப்பு இழுத்தால் முளை கையோடு வருகிறது. கடைசியில் நான்தான் துணிப்பைகளில் மணல் நிரப்பி, கயிற்றைப் பையில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைக்கச் சொன்னேன். அப்புறம் அசையவில்லை. மணலைப் பிடித்து நிறுத்த மணலால்தான் முடிகிறது.

அந்தியில் கொசு. நம்மூர்க் கொசுவைவிடப் பெரியது, துணிக்கு மேலேயே கடிக்கிறது. எட்டு மணிக்கே கூடாரத்துக்குள். மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் அலைச் சத்தம்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஐந்தரைக்கே விழித்துக்கொண்டேன். மற்றவர்கள் தூங்கட்டும் என்று தனியே மணல்மேட்டின் மரப்பாதையில் ஏறினேன். கடலுக்கு மேலே வானம் மெல்ல வெளுத்தது. எங்கள் ஊர்க் கடலும் கிழக்குப் பார்த்ததுதான். அதனால் சூரியன் எழுந்து வரும் விதம் பழகியதாகவே இருந்தது, ஆனால் தண்ணீர் குளிர்ந்து கால் விறைத்தது.

மேட்டின் மேல் ஒரு வகைப் புல். நம் கடற்கரையில் இராவணன் மீசை என்று சொல்வோமே, முள் முள்ளாக உருண்டு ஓடுமே, அது செய்யும் வேலையை இங்கே இந்தப் புல் செய்கிறது. ஒல்லியான நீளத் தாள். காற்றில் வளைந்து அதன் நுனி மணலைத் தொடுகிறது. காற்று சுழலச் சுழல, நுனி மணலில் வட்டம் போடுகிறது. குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு புல்லைச் சுற்றியும் காம்பஸ் வைத்து வரைந்தாற்போலக் கோடு, சிலவற்றில் முழு வட்டம், சிலவற்றில் கால் வட்டம். வட்டத்துக்குள் நண்டின் கால் தடம் ஒன்று குறுக்கே போயிருந்தது. மணல் மேலே விழ விழ இந்தப் புல் சாவதில்லை, புதைந்த கணுவிலிருந்து மறுபடி வேர்விட்டு மேலே வருகிறது. மணல் விழுந்தால்தான் செழிக்கிறது. ஆனால் மனிதக் கால் பட்டால் தாங்காது. அதனால்தான் மரப்பாதையை விட்டு இறங்காதே என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

அலையோரமாகத் தெற்கே நடந்தபோது கால்களுக்கிடையில் கறுப்பாக ஒரு கட்டி. கல் என்று நினைத்து எடுத்தேன். கனமில்லை. பிட்டால் நார் நாராக வந்தது, நாருக்குள் வேர். முகர்ந்தேன். நேற்றுப் பாலத்தின் மேல் வந்த அதே கழிச் சேற்று வாசனை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இது சதுப்புநிலத்து மக்குமண். கழிப் பக்கம், தீவின் முதுகுப் புறத்தில் உருவாகிற மண். அது கடல் பக்கம் எப்படி வந்தது? அது எங்கும் வரவில்லை, இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. தீவுதான் அதன் மேலாக உருண்டு மேற்கே போயிருக்கிறது. புயல் நேரத்தில் அலை மேட்டைத் தாண்டி மணலை வாரிக் கழிப் பக்கம் கொட்டும். அங்கே புது மணலில் புல் முளைக்கும், சதுப்பு பிடிக்கும். இந்தப் பக்கம் கரை அரியும். ஒரு பக்கம் இழந்து மறுபக்கம் சேர்த்து, முழுத் தீவும் பெருநிலத்தை நோக்கி நகர்கிறது. கடல் மட்டம் ஏறும் காலத்தில் இந்தத் தீவு பிழைக்க இதுதான் வழி. நின்றால் மூழ்கும். வகுப்பில் நூறு முறை சொன்ன பாடம்தான். ஆனால் என் உள்ளங்கையில் ஒரு பழைய கழி இருந்ததும், எதிரே அட்லாண்டிக் அலை அடித்ததும் பாடமாக இல்லை.

சாயங்காலம் நான்கு பேரும் தேசியப் பூங்காப் பகுதியில் இருக்கும் மணல்மேட்டு நடைபாதைக்குப் போனோம். குட்டையான புதர்கள், காற்றுக்குப் பயந்து ஒரு பக்கமாகச் சாய்ந்த மரங்கள். பாதையின் நடுவில் காலடியில் கெட்டியாகத் தட்டியது. மணலைக் காலால் தள்ளினேன். தார். விளிம்பு உடைந்து, பிஸ்கட்டைக் கடித்து வைத்ததைப் போல ஒரு தார்ச்சாலைத் துண்டு. வெடிப்பில் புல் முளைத்திருக்கிறது.

அதன் பெயர் பால்டிமோர் புலவார்டு. 1950களில் இந்தத் தீவின் மேரிலாந்துப் பகுதியில் 15 மைல் நீளத்துக்குச் சுமார் 5,000 மனைகள் பிரித்தார்கள். வரைபடம் போட்டார்கள், சாலை போட்டார்கள், விற்றார்கள். கடலைப் பார்த்த வீடு என்று ஆசைப்பட்டு வாங்கியவர்கள் இருந்தார்கள், சிலர் வீடும் கட்டிவிட்டார்கள். 1962 மார்ச் 6 முதல் 8 வரை ஒரு புயல் நகராமல் கரைக்கு அப்பால் நின்றது. தொடர்ந்து ஐந்து ஓதங்கள் ஏறின. ஒவ்வொரு முறையும் முந்தைய தண்ணீர் வடியுமுன் அடுத்த தண்ணீர் வந்து ஏறியது. நடு நாள் கிறிஸ்தவர்களின் சாம்பல் புதன் என்பதால் அந்தப் பெயராலேயே அந்தப் புயலைச் சொல்கிறார்கள். அலை தீவைத் தாண்டிக் கழிக்குள் போயிற்று. சாலை பெயர்ந்தது, வீடுகளில் பெரும்பாலானவை போயின. மனை வரைபடத்துக்கு அப்புறம் மதிப்பில்லை. 1965 செப்டம்பரில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டு இது தேசியக் கடற்கரையாயிற்று.

புயல் கொடுமை செய்துவிட்டது என்று இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. புயல் இந்தத் தீவுக்குப் பல்லாயிரம் ஆண்டுகளாகச் செய்துவந்த வேலையைத்தான் அன்றும் செய்தது. நகர்கிற ஒன்றின் மேல் அசையாச் சொத்து என்று பத்திரம் எழுதியதுதான் தவறு.

தார்த்துண்டைப் படம் எடுத்துக்கொண்டேன். மகள் கேட்டாள், "ஏம்மா, ரோட்டையா போட்டோ எடுக்கிற?" தம்பிக்கு அனுப்ப என்றேன்.

செப்டம்பர் 11, புதன்

குதிரைகள். இந்தத் தீவில் தன்னிச்சையாகத் திரிபவை, இரண்டு நாளாகத் தூரத்தில் தெரிந்தவை இன்று எங்கள் முற்றத்துக்கே வந்தன.

காலை ஏழு மணி இருக்கும். நான் பேத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். புதருக்குப் பின்னாலிருந்து ஒரு சிவலை, அதன் பின்னால் வெள்ளைத் திட்டுப் போட்ட இரண்டு, கடைசியில் ஒரு குட்டி. சத்தமே இல்லை, மணலில் குளம்பு விழுகிற ஓசை கேட்காது. பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் வாழைப்பழமும் ரொட்டியும் மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார்கள். சிவலை நேரே மேசைக்குப் போயிற்று. ரொட்டிப் பையைப் பல்லால் கவ்வி உதறியது, பிளாஸ்டிக்கோடு மென்றது. எங்களால் என்ன செய்ய முடியும்? நாற்பது அடிக்குள் போகக்கூடாது என்பது விதி. ஒரு பஸ் நீளம். கடிக்கும், உதைக்கும். மாப்பிள்ளை சத்தம் போட்டுக் கை தட்டினார், அது காதைக்கூட அசைக்கவில்லை. சைக்கிளில் வந்த தொண்டர் அம்மாள் ஒருவர்தான் எப்படியோ அவற்றை விலக்கிக் கொண்டுபோனார். பையின் பாதி குதிரையின் வயிற்றில்.

அந்த அம்மாள் அதன் பிறகு எங்களிடம் நின்று பேசினார். மகள் மொழிபெயர்த்துச் சொன்னாள். சாப்பாட்டை எப்போதும் வண்டிக்குள் பூட்டி வையுங்கள், ஐஸ் பெட்டியைக்கூட இவை திறந்துவிடும் என்றார். சிப் என்று ஒரு ஆண் குதிரை இருந்ததாம். மனிதர் கொடுத்த தீனியில் ருசி கண்டு, முகாம் முகாமாக நுழைந்து, தடுத்தவர்களைத் தாக்க ஆரம்பித்துவிட்டது. 2022இல் அதைத் தீவிலிருந்தே பிடித்து டெக்சாசில் ஒரு விலங்குக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பிறந்த தீவு, கூட்டம், கழி எல்லாம் போயிற்று. காரணம் பிஸ்கட்டும் பழமும். அந்த அம்மாள் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. எனக்கும் தொண்டை அடைத்தது.

உடைந்த ஸ்பானியக் கப்பலிலிருந்து நீந்தி வந்தவை என்று இவற்றுக்கு ஒரு கதை உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பெருநிலத்து விவசாயிகள் வேலிச் சட்டத்துக்கும் வரிக்கும் தப்பத் தீவில் கொண்டுவந்து மேய விட்டவற்றின் வம்சம் என்று இன்னொரு பேச்சு. எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. வரிக்குப் பயந்த மனிதர்கள் எல்லா ஊரிலும் இருப்பவர்கள்தான். மேரிலாந்துப் பகுதியில் பூங்காத்துறை கூட்டத்தை நூறுக்குள் வைத்துக்கொள்கிறது. 1994இல் பெண் குதிரைகளுக்குத் தூரத்திலிருந்து ஊசி எய்து கருத்தடை செய்யத் தொடங்கினார்கள். வர்ஜீனியாப் பகுதிக் குதிரைகள் சிங்கோட்டீக் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குச் சொந்தம். ஆண்டுதோறும் ஜூலையில் அவற்றை வாய்க்கால் நீந்தவைத்துக் கரைக்குக் கொண்டுவந்து, குட்டிகளில் பலவற்றை ஏலம் விடுகிறார்கள். நடுவில் மாநில எல்லையில் வேலி.

மத்தியானம் பேத்தி தூங்கியதும் கழிப் பக்க மரப்பாதையில் போய் உட்கார்ந்தேன். காலையில் பார்த்த கூட்டமா என்று தெரியவில்லை, மூன்று குதிரைகள் சதுப்பில் முழங்கால் ஆழத்தில் நின்று மேய்ந்தன. புல்லைக் கவ்வி ஒரு பக்கமாகத் தலையை வெட்டி இழுக்கும், இழுத்ததும் அறுபடும் சத்தம் என் வரைக்கும் கேட்டது. வயிறு உப்பி, எல்லாமே சினைபோலத் தெரிகின்றன. சினையில்லை, உப்பு. உப்புப் புல்லைத் தின்று தின்று, சாதாரணக் குதிரையைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கின்றன. அதனால்தான் அந்த ஊதல். கால்களில் சேறு காய்ந்து சாம்பல் நிறக் காலுறை போட்டதைப் போல இருந்தது. பிடரியில் சிக்கு. அழகு என்று படத்தில் காட்டுகிற குதிரை அழகு இவற்றுக்குக் கிடையாது. ஆனால் யாரிடமும் எதையும் எதிர்பார்க்காமல் நிற்கிற ஒரு நிமிர்வு இருந்தது, காலையில் ரொட்டிப் பையை உதறிய சிவலையிடம் அது இல்லை.

எங்கள் கோடியக்கரைக் காட்டிலும் மட்டக்குதிரைகள் திரிகின்றன. அங்கேயும் கழி, உப்பு, முட்புதர். சிறு பிள்ளையில் அப்பா சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்திருக்கிறேன். 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் அடித்தபோது அந்தக் காட்டில் மானும் குதிரையும் மடிந்தன. கோடியக்கரைக் குதிரைகளுக்கு அந்தத் தொண்டர் அம்மாளைப் போலச் சைக்கிளில் சுற்றிக் காவல் நிற்க ஊர்க்காரர்கள் முன்வந்தால் நன்றாக இருக்கும். நம் பிள்ளைகளால் முடியும்.

இரவு கொசு குறைவு. பாதி நிலா. கடற்கரையில் சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சோடு நடந்தோம். வெளிறிய நண்டுகள் பக்கவாட்டில் ஓடி வளைக்குள் மறைவதைப் பேத்தி எண்ணினாள். பன்னிரண்டுக்கு மேல் அவளுக்கு எண்ணத் தெரியாது. அதனால் பன்னிரண்டு நண்டு.

செப்டம்பர் 12, வியாழன்

கூடாரம் பிரித்தோம். புதைத்த மணல் பைகளைத் தோண்டி எடுத்து, மணலை அங்கேயே கொட்டினோம்.

திரும்பும் வழியில் ஓஷன் சிட்டிக்குப் போகலாம் என்று நான்தான் கேட்டேன். மூன்று நாளாக வடக்கே அடிவானத்தில் பல மாடிக் கட்டடங்கள் வரிசையாகத் தெரிந்துகொண்டே இருந்தன. அந்த ஊரின் தென்கோடியில், கடலுக்குள் நீட்டிய கருங்கல் தடுப்புக்குப் பக்கத்தில் நின்றால் எதிரே அசட்டீக். நடுவே ஒரு முகத்துவாரம். 1933 ஆகஸ்ட் 23 வரை இது கிடையாது, இரண்டும் ஒரே நிலம். அன்றைய புயலில் கழித் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்து கடலில் விழுந்தது. மீன்பிடிப் படகுகளுக்கு வசதி என்று அந்த வாயை மூடவிடாமல் 1934இலும் 1935இலும் கல் தடுப்புக் கட்டினார்கள்.

அதன் பலனைக் கண்ணால் பார்க்கலாம். இந்தக் கரையில் மணல் தெற்கு நோக்கி நகர்கிறது. வடபக்கத் தடுப்பில் அது தேங்கி, ஓஷன் சிட்டிப் பக்கம் கடற்கரை அகன்று கிடக்கிறது. தென்பக்கம் அசட்டீக்குக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. இரண்டு கரைகளும் முன்பு ஒரே கோட்டில் இருந்தவை. இப்போது அசட்டீக்கின் வடமுனை தன் அகலத்துக்கும் மேலாக மேற்கே பின்வாங்கி நிற்கிறது. சென்னைத் துறைமுகம் கட்டியபின் மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கடல் அரித்ததும் இதே கணக்குதான். அங்கே மணல் வடக்கே போகிறது, இங்கே தெற்கே, அவ்வளவுதான் வித்தியாசம். பொறியாளர்கள் இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை தூர்வாரும் கப்பலில் மணலை அள்ளி அசட்டீக் பக்கம் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். 2004 முதல் இது நடக்கிறது. மணல் சும்மா செய்துவந்த பயணத்தைக் கப்பல் வைத்துச் செய்யவேண்டியிருக்கிறது. தவறு என்று தெரிந்ததும் சரிசெய்ய இறங்கினார்களே, அதற்காக அவர்களை மதிக்கிறேன்.

வண்டியில் ஏறுமுன் தம்பிக்குப் போன் போட்டேன். அங்கே இரவு ஒன்பது. தார்த்துண்டுப் படத்தைப் பார்த்துவிட்டானாம். "இது எந்த ஊரு ரோடுக்கா?" என்றான். சொன்னேன். 5,000 மனை, ஐந்து ஓதம், எல்லாம். அப்புறம் 2004 சுனாமியை ஞாபகப்படுத்தினேன். மணல்மேட்டுக்குப் பின்னால் இருந்த சித்தி வீட்டில் திண்ணை வரைக்கும்தான் தண்ணீர் வந்தது. மேடு இல்லாத இடத்தில் என்ன ஆயிற்று என்பதை அவனும்தான் கண்ணால் பார்த்தான். சித்தியைக் காப்பாற்றிய மாதிரி ஒரு மேட்டை வெட்டித்தான் இந்த மனை போட்டிருக்கிறார்கள். கடற்கரை ஒழுங்குமுறை விதியில் மணல்மேடுகள் முதல் வகைப் பாதுகாப்பில் வருகின்றன, இவர்களிடம் அனுமதிக் காகிதம் இருக்கிறதா என்று முதலில் கேள் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப உனக்கு வேணாமாக்கா?"

"எனக்கும் வேணாம், உனக்கும் வேணாம் தம்பி. அட்வான்ஸ் குடுக்காத. நான் ஊருக்கு வந்ததும் ரெண்டு பேரும் கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக்கிட்டுப் போவோம்."

சரி என்றான்.